என்னுது என்கிற வார்த்தை

ஜன்னல் ஓரத்துல நீயே இரு பிள்ளே. சின்னது வேடிக்கை பார்க்கட்டும். எனக்கு ஓரம், நடு எல்லாம் ஒண்ணுதான். பாளையங்கோட்டைக்கா போறே? நானும் அங்கதான், கோர்ட்டுக்கு. முழிக்காதே, நான் ஒண்ணும் செய்யல. சாட்சி சொல்லப் போறேன். நான் பெத்த ரெண்டு பேருக்குள்ள கேஸ். பெரியவன் கையைச் சின்னவன் வெட்டிட்டான்.

அது கிடக்கட்டும். டிக்கெட்டைத் திருப்பிப் பாரு, பாக்கி எழுதியிருக்கானா கண்டக்டர்? எழுதியிருக்கான்ல? இறங்கும்போது மறக்காம கேட்டு வாங்கு. முப்பது ரூபாதானேன்னு விட்டுட்டுப் போகாதே. அது உன் காசுன்னா விடலாம். அது உன் காசு இல்லையே. கழுத்துல சிலுவை கிடக்கு, அதான் உரிமையா சொல்றேன். நம்ம கையில இருக்கிறது எல்லாம் கர்த்தருது. நாம வெறும் உக்கிராணக்காரங்க. எஜமான் வீட்டு அறைக்குச் சாவி வச்சிருக்கிற வேலைக்காரி சட்டியில இருக்கிற எண்ணெயை என்னுதுன்னு சொல்லுவாளா? சொன்னா அவளை என்ன செய்வாங்க?

இந்தப் பொம்மை பஸ் ஸ்டாண்டுல வாங்கினதுதானே. நூத்தம்பது ரூபா. நான் பின்னாலதான் நின்னேன். தரையில புரண்டு அழுதா, நீயும் வாங்கிக் கொடுத்துட்டே. குத்தம் சொல்லல. ஒத்தைப் பிள்ளை, அப்பாவும் வெளிநாட்டுல. ஆனா நாலு வயசுன்னா அதுதான் பணத்தைப் பத்திச் சொல்லிக் கொடுக்கிற வயசு. நான் ரெண்டு ஆம்பளைப் பிள்ளைகளை வளர்த்தவ. எட்டாங்கிளாஸ்தான் படிச்சேன். ஆனாலும் எங்க சபைப் பெண்கள் சங்கத்துல 'பிள்ளைகளும் பணமும்'னு பேசச் சொல்லி என்னைத்தான் மேடையில ஏத்தினாங்க. பக்கத்து ஊர்ச் சபைக்கும் கூப்பிட்டாங்க. அங்கே எனக்கு ஒரு சேலை கூடப் போர்த்தினாங்க.

என்ன பேசினேன்னா, எங்க வீட்டுல நடந்ததைத்தான் பேசினேன். எங்க வீட்டுல மூணு ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. ஒண்ணு கர்த்தருக்கு, ஒண்ணு சேமிப்புக்கு, ஒண்ணு செலவுக்கு. பிள்ளைகளுக்கு மாமா, சித்தப்பா யார் காசு கொடுத்தாலும் முதல்ல பத்துல ஒண்ணு கர்த்தர் பாட்டில்ல விழணும். விழுற சத்தம் எனக்கு அடுப்படியில கேட்கணும். அப்புறம்தான் மத்தது.

அதை விடப் பெரிய சட்டம் ஒண்ணு வச்சிருந்தேன். எங்க வீட்டுல யாரும் 'என்னுது'ன்னு சொல்லக் கூடாது. என் பேனா, என் தட்டு, என் சட்டை, அதெல்லாம் கிடையாது. 'நான் எழுதுற பேனா', 'நான் சாப்பிடுற தட்டு'. அப்படித்தான் சொல்லணும். மீறிச் சொன்னா உதட்டுல நுள்ளு. இந்த ரெண்டு விரலாலயும் கீழுதட்டைப் பிடிச்சு ஒரு திருகு. அவ்வளவுதான். நான் பிள்ளைகளை அடிக்க மாட்டேன். கம்பு தொட்டதே இல்லை. அடிக்கிறது எங்க வீட்டுக்காரவுக வேலை. லாரி ஓட்டிட்டு வாரத்துக்கு ஒரு நாள் வருவாவ, வந்ததும் நான் சொல்லுவேன், பெல்ட்டைக் கழட்டுவாவ. ஒரு தடவை பக்கிள் தெறிச்சு இம்மானி புருவத்துல ஏழு தையல். சின்னவன் பேரு இம்மானுவேல், இம்மானின்னுதான் கூப்பிடுவோம். பெரியவன் ஜெபசிங். ஜெபசிங் ரெண்டு மூணு நுள்ளோட திருந்திட்டான். இம்மானிக்குத்தான் அந்த வார்த்தை வாயில ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. கீழுதடு எப்பவும் வீங்கித்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துல 'பன்னு வாயன்'னு பட்டப்பேரு. நானே சிரிச்சிருக்கேன்.

இந்தா, முறுக்கு சாப்பிடச் சொல்லு பிள்ளையை. ஜோவிதான்னுதானே கூப்பிட்டே? வீட்டுல சுட்டது.

வேதத்துல ஒரு எஜமான் வெளியூருக்குப் போகும்போது வேலைக்காரங்ககிட்ட தாலந்து, அதான் அந்தக் காலத்துப் பணம், கொடுத்துட்டுப் போவார்ல. ஞாயிறு பள்ளியில நீயும் கேட்டிருப்பே. பெருக்கினவனை மெச்சுவார். மண்ணுல புதைச்சு வச்சவன்கிட்ட இருந்ததைப் பிடுங்கி, நிறைய வச்சிருக்கிறவன்கிட்டயே கொடுத்துருவார். அவனை இருட்டுல வெளியே தள்ளிருவார், அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுவான். எல்லாரும் அதைப் பிரசங்கத்துல கேட்டுட்டு வீட்டுக்குப் போய்க் கறி தின்னுட்டுத் தூங்கிருவாங்க. நான் செஞ்சு பார்த்தேன்.

புது வருஷ ஆராதனை முடிஞ்சு வந்து ரெண்டு பேர் கையிலயும் இருபது ரூபா நோட்டு வச்சேன். பெரியவனுக்குப் பதினொண்ணு, சின்னவனுக்கு ஒன்பது. 'அறுப்பின் பண்டிகை அன்னைக்குக் கணக்குக் கேப்பேன். பெருக்கி வைங்க'ன்னேன். ஜெபசிங் முட்டை வாங்கி, அடுத்த வீட்டுக் கோழியை அடைக்கு வச்சு, குஞ்சு வித்து, அந்தக் காசுல பட்டாசு வாங்கி வித்து, நூத்திப் பத்து ரூபா கொண்டு வந்து வச்சான். கண்ணு நிறைஞ்சுபோச்சு எனக்கு.

இம்மானி அதே இருபது ரூபாயைக் கொண்டு வந்தான். மடிப்புக் கலையாம. ஞாயிறு பள்ளிப் பரிசுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள பஞ்சு வச்சு அதுல வச்சிருந்தான்.

'ஏம்ல பெருக்கல?'ன்னேன்.

'நீங்க கையில தந்ததும்மா. மாத்த மனசு வரல. இது என்னுது'ன்னான்.

ரெண்டு குத்தமும் ஒரே வாய்ல. உதட்டுல நுள்ளினேன். நோட்டைப் பிடுங்கி ஜெபசிங் கையில கொடுத்தேன். விளக்கு வைக்கிற நேரம். கையைப் பிடிச்சு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். வேதத்துல எப்படி இருக்கோ அப்படியே. உள்ளே ஜெபசிங்கும் நானும் உக்காந்து ஜெபம் பண்ணினோம். வெளியே கதவைத் தட்டுற சத்தம், அப்புறம் அழுகை, அப்புறம் ஒரு நாய் சத்தம். நாயும் அவனும் சேர்ந்து கத்தினாங்க. கதவைத் திறக்குறதுக்குள்ள கெண்டைக்கால்ல சதையைக் கவ்வி எடுத்துட்டு ஓடிருச்சு.

அப்பல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுத்தித்தான் ஊசி. பெரியாஸ்பத்திரியில தினம் கூட்டிட்டுப் போவேன். நர்ஸ் ஊசியை எடுத்ததும் நான் கட்டியிருக்கிற சேலை முந்தானையை வாயில கடிச்சுக்குவான். கத்தமாட்டான். நான் பக்கத்துல நின்னு ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே இருப்பேன். பாசம் இல்லாமலா செஞ்சேன்? தொடர்ந்து அஞ்சு வருஷம் தாலந்து கொடுத்தேன். அஞ்சு வருஷமும் அவன் அப்படியே திருப்பித் தந்தான். கடைசி வருஷம் நான் சொல்லவே வேண்டாம், நோட்டை அண்ணன்கிட்ட நீட்டிட்டு அவனே வெளியே போய் உக்காந்துக்கிட்டான். சரி, பாடம் பதிஞ்சுருச்சுன்னு நினைச்சேன்.

நீ ஏன் அப்படிப் பார்க்கிறே? உன் பிள்ளையை நாளைக்கு எவன்கிட்டயும் கையேந்தாம வளர்க்கணுமா வேண்டாமா?

பாரு, ஜெபசிங் என்னவா வந்தான்னு கேளு. எங்க வீட்டுக்காரவுக தொப்பூர் இறக்கத்துல லாரியோட போய்ச் சேர்ந்தாவ. தலையைத் தனியாத்தான் தந்தாங்க. அந்த நஷ்டஈட்டுப் பணம் வந்தது. ரெண்டாப் பிரிக்கணும்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. எப்படிப் பிரிப்பேன்? பெருக்குறவன் கையிலதானே கொடுக்கணும். ஜெபசிங்கிட்ட முழுசாக் கொடுத்தேன். பெயிண்ட் கடை போட்டான். இன்னைக்கு உடன்குடியில ரெண்டு கடை, கார், சபைக் கமிட்டியில செயலாளர். கோயில் காம்பவுண்ட் சுவர் முழுக்க அவன் பெயிண்ட். தம்பியை மட்டும் விட்டுட்டானா? லோடு ஆட்டோ வாங்கிக் கொடுத்தான். வண்டியைத் தன் பேர்லயே பதிஞ்சான். இம்மானி ஓட்டினான், கடைக்குச் சரக்கு ஏத்தினான், வாடகை கொடுத்தான். 'நான் ஓட்டுற வண்டி'ன்னுதான் சொல்லுவான். நான் வளர்த்த பிள்ளை.

இம்மானிக்குப் பொண்டாட்டி பியூலா. திசையன்விளைக்காரி. ஒரே மக, ஷெர்லின், எட்டு வயசு. பியூலாவுக்கு நான்னா ஆகாது. 'அத்தை ஜெபம் பண்ணினா வீட்டுல யாராவது அழுவாங்க'ன்னு அக்கம்பக்கத்துல சொல்லியிருக்கா. சொல்லட்டும். அவ ஒரு ஆடு வளர்த்தா. தலைச்சன் கிடாக்குட்டியைக் கோயிலுக்குன்னு நேர்ந்துட்டாங்க. ஷெர்லின் அதுக்குப் பிஸ்கட்டுன்னு பேர் வச்சு, தோள்ல தூக்கிக்கிட்டே அலைவா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பைகூட இறக்காம அதைத்தான் தேடுவா.

எங்க பக்கத்து அறுப்பின் பண்டிகை நீ பார்த்திருக்கியோ என்னமோ. வாழைத்தார், கரும்பு, பூசணிக்காய், கோழி, ஆடு, வீட்டுல முதல்ல விளைஞ்சது எல்லாம் கோயிலுக்கு வந்துரும். ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல ஏலம். கோயில்குட்டியார், அதான் மணி அடிக்கிறவர், பெஞ்சு மேல ஏறி நின்னு ஏலம் கூறுவார். கொடுத்தவங்களே தங்க சாமானைத் திரும்ப ஏலத்துல எடுத்துக்கலாம். சின்னப் பிள்ளை ஆசையா வளர்த்ததுன்னா ஊரே வாயை மூடிக்கிட்டு விட்டுக்கொடுக்கும். அப்படி ஒரு வழக்கம் எழுதாமலே இருக்கு. ஷெர்லினும் அதை நம்பித்தான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

நானும் போயிருந்தேன். ஜெபசிங் தோட்டத்துத் தார் ஒண்ணு நான் கொண்டு போனேன். தாரைச் சீப்பு சீப்பா வெட்டிப் போடணும்ல, அதுக்கு வீட்டு அரிவாளையும் பையில போட்டுக்கிட்டேன். வாழைத்தார் கிடந்த மேசை மேலதான் வச்சேன். ஏலம் கூறுற பெஞ்சுக்குப் பக்கத்து மேசை. இதை ஞாபகம் வச்சுக்கோ, இதுலதான் கேஸே இருக்கு.

கோயில்குட்டியார் 'ஷெர்லின் குட்டி கொடுத்த கிடா, மூவாயிரம்'னு ஆரம்பிச்சார். இம்மானி 'நாலாயிரம்'னான். யாரும் பேசல. 'ஒரு தரம்'னார். அப்போ ஜெபசிங் கையைத் தூக்கினான். பேசமாட்டான், கை மட்டும் தூக்குவான். ஆயிரம் ஏறும்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. இம்மானி 'ஆறு'ன்னான். ஜெபசிங் கை. 'எட்டு'. கை. ஒரு பெரியவர் சொன்னார், 'ஏ ஜெபசிங், பிள்ளை வளர்த்த குட்டிப்பா. விட்டுக்கொடேன்.'

'கர்த்தருக்குப் போற காசுல என்ன விட்டுக்கொடுக்கிறது அண்ணாச்சி? ஏறினாக் கோயிலுக்குத்தானே நல்லது'ன்னான்.

நியாயந்தானே? நீயே சொல்லு. இம்மானி பன்னிரண்டுன்னான், பதினாலுன்னான். அவன் பைல அவ்வளவு கிடையாதுன்னு எனக்கே தெரியும். பியூலா அவன் சட்டையைப் பிடிச்சு இழுக்கா. ஜெபசிங் சிரிச்சுக்கிட்டே, 'தம்பி, பை ஓட்டையா இருந்தா வாய் அகலமா இருக்கக் கூடாது. அம்மா நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தாவ'ன்னான். கூட்டத்துல சிரிப்பு. பதினஞ்சாயிரத்துல முடிஞ்சது. மூணு தரம் சொல்லியாச்சு. ஜெபசிங் போய், 'கயித்தை விடு மக்கா. நாளைக்குப் பெரியப்பா வீட்டுல பிரியாணி, நீயும் வா'ன்னான். விளையாட்டாத்தான் சொன்னான். அவன் பேச்சே அப்படித்தான்.

அந்தப் பிள்ளை கயித்தைக் கையில ரெண்டு சுத்துச் சுத்திக்கிட்டா. 'பிஸ்கட் என்னுது பெரியப்பா'ன்னா.

நான் பக்கத்துலதான் நின்னேன். பழக்கத்துல கை போச்சு. உதட்டுல ஒரு நுள்ளு, அவ்வளவுதான். கோயில் வாசல்ல, கர்த்தருக்குக் கொடுத்த பொருளை என்னுதுன்னு சொன்னா யார் திருத்துறது? கொஞ்சம் ரத்தம் வந்துருச்சு. பால்பல் ஆடிக்கிட்டு இருந்திருக்கு, அது குத்திருக்கும். பிள்ளை ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு அப்பாவைப் பார்த்தா.

அதுக்கும் இவன் அரிவாளை எடுத்ததுக்கும் என்ன சம்பந்தம்? ஏலத்துல தோத்த கோபம். மேசையில கிடந்ததை எடுத்தான். எடுத்தான்னுகூடச் சொல்ல முடியாது, திரும்பிப் பார்க்குறதுக்குள்ள அது அவன் கையில இருக்கு. முகத்தைப் பார்த்தேன், எங்க வீட்டுக்காரவுக பெல்ட்டோட நிக்கிற மாதிரியே இருந்துச்சு. நேரா வந்தான். நான் நின்ன பக்கமா வந்தான். சிலபேரு கண்டபடி சொல்றாங்க, அவன் என்னைத்தான் வெட்ட வந்தான்னு. அப்படியெல்லாம் இல்லை. ஜெபசிங் எனக்குப் பக்கத்துல நின்னான்ல, அவன்கிட்டத்தான் வந்திருப்பான். பெத்த தாயை எவனாவது வெட்ட வருவானா? ஜெபசிங் எனக்கு முன்னால கையை நீட்டினான். எனக்கு அந்த நேரத்துல, இன்னும் எதையோ ஏலம் கேட்கிறான்னுதான் தோணுச்சு.

சத்தமே இல்லை பிள்ளே. வாழைத்தண்டுல விழுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வலது கையில மூணு விரல். எனக்கு முகம், சட்டைப் பக்கமெல்லாம் சூடா வந்து விழுந்துச்சு. விரல்கள் தக்காளிக் கூடைப் பக்கம் போய்க் கிடந்துச்சு. காலைக் கட்டிப் போட்டிருந்த காணிக்கைக் கோழி ஒண்ணு தத்தித் தத்தி அதுகிட்டப் போகுது. நான்தான் விரட்டிட்டு, பொறுக்கி முந்தானையில முடிஞ்சேன். ஐஸ்ல வச்சிருந்தா ஒட்ட வச்சிருக்கலாமாம். அந்த நேரத்துல ஐஸுக்கு எங்க போக?

இம்மானி ஓடல. அரிவாளைக் கீழே போட்டுட்டு நின்னான். ஊர் ஆம்பளைங்க கோயிலுக்கு வந்த கரும்பை உருவி அவனை அடிச்சாங்க. கட்டோட எடுத்து அடிச்சாங்க. கரும்பு முறிஞ்சு முறிஞ்சு விழுந்து, முதுகெல்லாம் சாறும் ரத்தமும். முன்பல் ரெண்டு போச்சு. போதகர் குறுக்கே விழுந்தார், அவருக்கும் ரெண்டு விழுந்துச்சு. பியூலா பிள்ளையைக் குப்புறப் போட்டு மேல படுத்துக்கிட்டா. அந்த ஆட்டுக்குட்டி கயித்தோட பூசணிக்காய் மேல ஏறி நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் போலீஸ் வந்தாங்க. இன்ஸ்பெக்டர் அரிவாளைத் துணியில பிடிச்சுத் தூக்கிக்கிட்டு, 'இது யாருதுலே?'ன்னார்.  நான் வாயைத் திறக்கப் போனேன். எங்க வீட்டுல கிடந்ததுன்னு சொல்லணும்ல. இம்மானி என்னைப் பார்த்தான். உதடெல்லாம் கிழிஞ்சு தொங்குது.

'என்னுது சார்'னான்.

இன்ஸ்பெக்டர் அவன் கன்னத்துல ஒண்ணு வச்சார். 'வீட்டுலருந்து கொண்டு வந்தியாலே?'

'ஆமா சார். என்னுது. வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லை. என்னுதுதான்.'

மூணு தரம் சொன்னான். சின்ன வயசுலருந்து உதட்டுல நுள்ளி நுள்ளி வளர்த்தும், அத்தனை ஜனத்துக்கு முன்னால அந்த வார்த்தையைத்தான் சொல்றான். அந்த நேரத்துலயும் எனக்கு விரல் துறுதுறுன்னுச்சு பாரு. ஏன் அப்படிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அவன் பெருமை அவனை விடல, வேற என்ன?

ஆழ்வார்திருநகரி வந்துருச்சா? கொஞ்ச தூரந்தான் இனி.

அவன் ஏழு மாசமா உள்ளே இருக்கான். ஜாமீன் கிடைக்கல. ஜெபசிங் மச்சான்மாரு அந்த லோடு ஆட்டோவைக் கடப்பாரையால அடிச்சு நொறுக்கிட்டாங்க. அது ஜெபசிங் பேர்ல உள்ள வண்டிதான்னு அப்புறந்தான் அவங்களுக்கு ஞாபகம் வந்துச்சாம். பியூலா பிள்ளையோட திசையன்விளைக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் ஜெபசிங் வீட்டுல இருக்கேன். அவனுக்கு இடது கையால சாப்பிட வரல. நான்தான் பிசைஞ்சு கொடுக்கேன். அவன் அழுறது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

இம்மானி வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருக்கார், நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்து வாசல்லயே நின்னு பேசினார். 'அம்மா, அருவாளை வீட்டுலருந்து திட்டம் போட்டுக் கொண்டு வந்து வெட்டினான்னா, கொலைக்குன்னே வந்தான்னு அர்த்தம், வருஷக்கணக்குல உள்ளே போயிருவான். அங்கே கிடந்ததைக் கோபத்துல எடுத்து வெட்டினான்னா அது வேற, சீக்கிரம் வெளியே வந்துருவான். ஊர்ல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க, எல்லாருக்கும் உங்க மூத்த மகனைப் பார்த்துப் பயம். நீங்க கூண்டுல ஏறுங்க. நான் அருவாளைக் காட்டி இது யாருதுன்னு கேப்பேன். என்னுதுன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும்'னார்.

ஜெபசிங் உள்ளேயிருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். வக்கீல் போனதும் வந்தான். 'என்ன செய்யப் போறீங்க?'ன்னான். நான் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னேன். கையை ஓங்கினான். அடிக்கல. அந்தக் கையைப் பார்த்ததும் அவனே இறக்கிக்கிட்டான். 'யாருக்காக இந்தக் கை போச்சு? உங்களுக்காகத்தானே நீட்டினேன்? உங்களுதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அப்படியே திசையன்விளைக்குப் பஸ் ஏறிருங்க. என் வீட்டுப் படி மிதிக்க வேண்டாம். சொல்லலைன்னா, கோர்ட் வாசல்ல காரோட நிப்பேன், கூட்டிட்டு வந்துருவேன்'னான். 'என் வீடு'ன்னான் பாரு. எனக்கு அவன் உதட்டைப் பிடிக்கத் தோணல, ஐம்பது வயசை நெருங்குறான். 

நான் ராப்பகலா ஜெபத்துல இருந்தேன் பிள்ளே. ரெண்டும் நான் பெத்தது. ஒருத்தன் எனக்கு முன்னால கையை நீட்டினவன். ஒருத்தன் உள்ளே கிடக்கிறவன். இம்மானியை வெளியே கொண்டு வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா எப்படிச் சொல்லுவேன்? என்னுதுன்னு நான் எதையுமே சொன்னதில்லையே. தாலி வாங்கும்போதுகூடச் சொன்னதில்லை. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தேன். 'என்'னு வருது, அதுக்கு மேல நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிடுது. அது பொய்யாயிராதா? அரிவாளும் கர்த்தருதுதானே? கோர்ட்டுல உக்கிராணக்காரிக்குன்னு தனியா ஒரு வார்த்தை வச்சிருப்பாங்களா?

எனக்கு ஒரு உதவி செய். நீ வக்கீல்னு வச்சுக்கோ. கேளு என்னை. கூச்சப்படாதே, முன் சீட்டுக்காரங்க தூங்குறாங்க. 'அம்மா, இந்த அரிவாள் யாருது?' அப்படிக் கேளு.

ம்.

எங்க வீட்டுல கிடந்தது. அப்படிச் சொன்னாப் போதாதா? போதாதா. வீடே ஜெபசிங் வீடுன்னு எதிர் வக்கீல் சொல்லிருவாரோ. சரி, இன்னொரு தரம் கேளு.

நான் வெட்டுறதுக்குக் கொண்டு போனது. வாழைத்தாரை வெட்ட. அதுவும் சரியா வரல, இல்லையா? நான் வெட்டுறதுக்குன்னு சொன்னா வேற மாதிரி ஆயிரும். இன்னொரு தரம். மெதுவாக் கேளு.

என்.

வரல பிள்ளே. இந்தா, தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. உனக்கு எப்படி வருது? நீ 'என் வீட்டுக்காரர்', 'என் பிள்ளை'ன்னு சொல்லிக்கிட்டேதானே வந்தே, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஜோவிதாக் குட்டி, இங்க பாரு. ஆச்சியைப் பாரு. இது யாரு செருப்பு? சிவப்புச் செருப்பு. யாருது இது?

அடடா, எவ்வளவு லேசாச் சொல்லிட்டா.

என்ன, ஏன் பிள்ளையை அங்கே இழுக்கிறே? நான் என்ன செஞ்சேன்? தொட்டேன், அவ்வளவுதான். நுள்ளல. சத்தியமா நுள்ளல, விரல் மட்டுந்தான் போச்சு. பாரு, ரத்தமா வருது? ஒண்ணும் இல்லையே. சிவந்திருக்கு, அது இப்போ போயிரும். அழாதே மக்கா. ஏன் வாயைப் பொத்துறே? கையை எடு. ரெண்டு கையாலயும் அப்படிப் பொத்தாதே. ஆச்சியை அப்படிப் பார்க்காதே. பிள்ளே, அவளை அப்படிப் பார்க்க வேண்டாம்னு சொல்லேன்.

சரி. நான் அந்தக் கம்பிப் பக்கம் போய் நிக்கேன். இறங்க வேண்டியதுதானே, வந்துருச்சு. அதோ கோர்ட் வாசல்ல ஜெபசிங் கார். வெள்ளைக் கார். அவன்தான் சாய்ஞ்சு நிக்கான், வலது கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு. என்னைப் பார்த்துட்டான்.

நீ பேசலைன்னாலும் பரவாயில்லை, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. சாயங்காலம் இங்கேயிருந்து திசையன்விளைக்கு நேர் பஸ் உண்டா, இல்லை மாறிப் போகணுமா?